நான்கு பக்கப் பனி

வினிபெக், கனடா
14 செப்டம்பர் 1964

அன்புள்ள இஸ்மே அக்காவுக்கு,

வெர்னா எழுதுகிறேன். கை கால் முழுசாக வந்து சேர்ந்துவிட்டேன். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால்? பள்ளிக்கூடத்துக்கும் ரொட்டிக்கடைக்கும் ஓடிக்கொண்டு நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நம் கடை மாவு மூட்டைகளில் பார்த்துப் பார்த்து மனப்பாடமான ஊர்ப்பெயர், ரயில் நிலையச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது. ஒரு நொடி ஊரே நமக்குச் சொந்தம் மாதிரி இருந்தது. அந்த நினைப்பு மறுநாள் மத்தியானம் வரை தாங்கியது.

அறை தேடினேன். விளம்பரம் பார்த்துத் தொலைபேசியில் கேட்டால், "வாம்மா, காலியாத்தான் இருக்கு" என்று தேனாகப் பேசுகிறார்கள். வாசலில் போய் நின்றால், "அடடா, இப்பதான் ஒருத்தர் எடுத்துட்டாரு." ஏழு வீடு, அக்கா. ஏழிலும் 'இப்பதான்'. ஐந்தாவது வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்ததும் நாயைப் பேர் சொல்லி உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். நாய் என்னவோ வாலாட்டிக்கொண்டுதான் நின்றது. ஆறாவது வீட்டிலிருந்து இறங்கி, தெருமுனைக் கடையிலிருந்து அதே வீட்டுக்கு மறுபடி போன் செய்தேன். "காலியாத்தான் இருக்கு, வந்து பாரும்மா." "இப்பதான் வந்து பாத்துட்டுப் போனேன், அந்தக் கறுப்புப் பொண்ணு" என்றேன். வைத்துவிட்டாள்.

எட்டாவது வீடு கோவல் அம்மாள் என்கிற உக்ரைன்காரியுடையது. புருஷன் இல்லாதவள். வாசலை அடைத்துக்கொண்டு நின்று விசாரித்தாள்.

"சத்தமாப் பாடுவியா?"

"மாட்டேன்."

"குடிப்பியா?"

"மாட்டேன்."

"ஆம்பளைங்க தேடி வருவாங்களா?"

"மாட்டாங்க."

"பின்ன எதுக்குத்தான் உயிரோட இருக்க? சரி, செருப்பக் கழட்டிட்டு உள்ள வா."

கோதுமை வேதியியல் வகுப்பில் முப்பது ஆண்கள், நான் ஒருத்தி. முதல் நாளே பேராசிரியர் கேட்டார்: "உங்க தீவுல கோதுமையே விளையாதே, ரொட்டின்னு ஒண்ணக் கண்ணால பாத்திருக்கியா?" வகுப்பே சிரித்தது. ரொட்டி சுட்டுத்தான் எங்கப்பா என்னை வளர்த்தார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அவர் கேட்டதைவிட, நான் சிரித்ததை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. நீயாக இருந்தால் சிரித்திருக்க மாட்டாய்.

ஊர், தேய்த்த ரொட்டிப் பலகை போலத் தட்டை. ஒரு மேடு கிடையாது. அரிமாவில் எங்கே நின்றாலும் வடக்கே மலை தெரியும்; இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் கால் வரை இறங்கி நிற்கிறது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

தபால்காரரை எதிர்பார்த்து ஜன்னலில் நிற்கிறேன். எல்லோருக்கும் என் அன்பு.

உன் தங்கை
வெர்னா

*

அரிமா, டிரினிடாட்
2 அக்டோபர் 1964

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

எல்லோரும் சுகம். அப்பா முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாக இருமுகிறார்; டாக்டரைவிட ரம்மில் அவருக்கு நம்பிக்கை அதிகம். அம்மாவின் முழங்கால் மாதா கோயிலுக்குப் போகும்போது மட்டும் வலிப்பதில்லை. அங்கே குளிர் எப்படி? கம்பளிக் கோட்டு வாங்கிவிட்டாயா?

அந்த ஏழு வீட்டுக்காரிகளின் முகவரியையும் எழுதி அனுப்பு. ஆளுக்கொரு கடிதம் எழுதப்போகிறேன். நாய்க்கு மட்டும் அன்பாக எழுதுவேன்.

அம்மா உன் கடிதத்தை மாதா கோயில் பெண்கள் சங்கத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். ஏழு வீட்டுக் கதையையும் பேராசிரியர் கதையையும் தாண்டிக் குதித்து, கனடாவில் உன்னை ராணி மாதிரி வரவேற்றதாகப் படித்துக்கொண்டே போனாள்! வாய் கூசாமல் படித்தாள். "அதெல்லாம் எழுதலையே" என்றேன் வீட்டுக்கு வந்ததும். "எழுதியிருக்கணும்" என்றாள்.

இனி அந்த ஆள் முன்னால் சிரிக்காதே. பதில் சொல்ல வரவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு முறைத்துப் பார். அதற்குப் படிப்பு தேவையில்லை.

இப்போது என் காரியம். இருவரும் ஒரே மேசையில் படித்து, ஒரே நாளில், நமக்கு மாவு அனுப்பும் பெல்மோர் ஆலையின் அறக்கட்டளை நடத்தும் உதவித்தொகைத் தேர்வை எழுதினோம். தீவுகளுக்கெல்லாம் சேர்த்து இரண்டே இடம். ஒன்று உனக்குக் கிடைத்தது. அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் பாதி எரிச்சல் போய்விட்டது. மீதிப் பாதி, நான் எங்கே தவறினேன் என்று தெரியாததால். இரண்டாவது தாளுக்கு உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அறக்கட்டளை அலுவலகம் அங்கேதானே இருக்கிறது? இரண்டு விஷயம் கேட்டு எழுது. என் மதிப்பெண் என்ன? அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது? இருபத்தேழு வயது நிறைந்தவர்களை எடுக்கமாட்டார்கள். எனக்கு வரும் மே மாதம் நிறைகிறது. இந்த ஒரு தடவைதான் பாக்கி.

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் துணை, அவருக்கு நேரமில்லாதபோது கோவல் அம்மாள் துணை.

இஸ்மே

*

வினிபெக்
30 அக்டோபர் 1964

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அப்பாவை ரம்மைக் குறைக்கச் சொல். கோட்டு வாங்கிவிட்டேன், பழையது, முன்பு யாரோ குண்டானவள் போட்டது. அதற்குள் நான் இரண்டு பேர் இருக்கலாம்.

போன வாரம் கையெழுத்துப் போட அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் மிஸ் ஹால்டேன். நரைத்த தலை, நல்ல மனுஷி. தேநீர் கொடுத்தார். நிறையப் பேசினார்.

இங்கே மரங்களெல்லாம் ஒரே வாரத்தில் மொட்டையாகிவிட்டன. யாரோ இரவோடிரவாக ஆள் வைத்து உருவின மாதிரி. கோவல் அம்மாள் பீட்ரூட் போட்டு ஒரு சிவப்பு சூப் வைக்கிறாள். முதல் நாள் பயந்தேன், இப்போது இரண்டு கிண்ணம் குடிக்கிறேன்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எனக்குத் தெரியாமல் உனக்கு ஏதும் கல்யாணப் பேச்சு நடந்ததா? மே, ஜூனில்? அப்புறம், அந்தச் சமயத்தில் உனக்கு ஏதாவது கடிதம் வந்து கைமாறிப் போயிருக்குமா? நம் வீட்டில் தபாலை வாங்குவது எப்போதும் அம்மாதானே? சும்மாதான் கேட்கிறேன். இங்கே தபால் அடிக்கடி தவறுகிறது, அதனால் நினைவு வந்தது.

பரீட்சைக்குப் படிக்கவேண்டும். வீட்டில் எல்லோருக்கும் முத்தம்.

வெர்னா

*

அரிமா
16 நவம்பர் 1964

அன்பு வெர்னாவுக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பு நலமாயிருப்பது தெரிகிறது. மூளைக்குத்தான் குளிர் ஏறிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

எனக்குக் கல்யாணமா? யாரோடு? மாவு மூட்டை இறக்க வரும் கிழவர் போஸ்கோவோடா? மூன்று பெண்டாட்டியைப் புதைத்தவர், நாலாவதுக்கு அவர் தயார்தான். அம்மாவிடம் உன் கேள்வியைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அவ எதுக்கு இதெல்லாம் கேக்குறா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டுவிட்டு, அடுப்பில் ஒன்றுமில்லாத சட்டியைக் கிளறப் போனாள்.

மாணவர்களின் விடைத்தாளைத் திருத்தும்போது, தெரியாத கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்ததை மட்டும் நீட்டி எழுதும் பிள்ளைகளை எனக்கு உடனே அடையாளம் தெரியும். என் மதிப்பெண் என்ன? கடைசி நாள் எது? மிஸ் ஹால்டேன் 'நிறையப் பேசினார்' என்கிறாயே, அந்த நிறையவில் இது இல்லையா?

இங்கே அடைமழை. அடுப்பு விறகெல்லாம் ஈரம். அப்பாவால் இப்போது பலகையைத் தூக்க முடிவதில்லை, நான்தான் தூக்குகிறேன். பரவாயில்லை. நன்றாகச் சாப்பிடு. பதில் போடு.

இஸ்மே

*

வினிபெக்
22 டிசம்பர் 1964

அன்புள்ள அக்காவுக்கும் அனைவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

தாமதத்துக்கு மன்னித்துவிடு. எனக்கு இலேசான சளி, வேறொன்றுமில்லை. அப்பா இருமலுக்கு இங்கிருந்து மருந்து அனுப்பட்டுமா? இந்நேரம் நம் வீட்டில் பன்றித்தொடை வெந்துகொண்டிருக்கும், பாட்டுக்காரர்கள் கித்தாரோடு வாசலுக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பனியைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். முதலில் விழுந்தபோது மாவு சலிப்பது மாதிரி இருந்தது. நான் தெருவில் நின்று வாயைத் திறந்து வாங்கினேன்; கோவல் அம்மாள் ஜன்னலிலிருந்து, "அது சோறு இல்ல, உள்ள வாடி" என்று கத்தினாள். இப்போது இடுப்பளவு. மூச்சு விட்டால் மூக்குமுடி குச்சி குச்சியாக நிற்கிறது. சூரியன் பளீரென்று காய்கிறது, ஆனால் சூடு கிடையாது. சுவரில் வரைந்த விளக்கு மாதிரி. கார்களுக்கெல்லாம் முகத்திலிருந்து ஒரு மின்கம்பி தொங்குகிறது, இரவில் சொருகி வைக்காவிட்டால் காலையில் கிளம்பாது. கதவுப்பிடியைத் தொட்டால் பொறி பறக்கிறது. ஆற்றின் மேல் ஆட்கள் நடந்து அக்கரைக்குப் போகிறார்கள். நானும் போனேன். நடு ஆற்றில் நின்றபோது காலடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்பதுபோல ஒரு பிரமை...

(இப்படியே இன்னும் மூன்று பக்கம்.)

மதிப்பெண்களை யாருக்கும் காட்டமாட்டார்களாம். தேதியைக் கேட்டுச் சொல்கிறேன்.

புத்தாண்டு எல்லோருக்கும் நல்லதாக அமையட்டும்.

வெர்னா

*

அரிமா
9 ஜனவரி 1965

வெர்னாவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். உன் சளி தீரட்டும்.

இரண்டு கேள்வி கேட்டேன். நான்கு பக்கம் பனி அனுப்பியிருக்கிறாய்.

உனக்கு இனித் தொல்லை தரமாட்டேன். மிஸ் ஹால்டேனுக்கு நானே எழுதிவிட்டேன். முகவரி மாவு மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது.

இஸ்மே

*

பெல்மோர் அறக்கட்டளை, வினிபெக்
27 ஜனவரி 1965

மதிப்பிற்குரிய செல்வி இஸ்மே லெஸாமா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்களும் குடும்பத்தாரும் நலமென நம்புகிறேன்.

தங்கள் கேள்விகள் எனக்கு மிகுந்த வியப்பளித்தன. சென்ற ஆண்டுத் தேர்வில் எல்லாத் தீவுகளிலும் முதலிடம் பெற்றவர் தாங்களே. மே மாதம் தங்களுக்கு இடம் ஒதுக்கி எழுதினோம். தமக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால் வர இயலாது என்று, தங்கள் கையொப்பத்துடன் ஜூன் 3 தேதியிட்ட பதில் வந்தது. அதன் பிறகே பட்டியலில் மூன்றாவதாக இருந்த தங்கள் சகோதரிக்கு அந்த இடம் வழங்கப்பட்டது.

இந்த விவரத்தைத் தங்கள் சகோதரியிடம் அக்டோபர் மாதமே சொல்லி, மணமகளுக்கு என் வாழ்த்தையும் தெரிவிக்கக் கேட்டுக்கொண்டேன். அந்தப் பதில் கடிதத்தையும் அவர் விரும்பிக் கேட்டுப் பார்த்தார். தாங்கள் அறிந்திருப்பீர்கள் என்றே எண்ணியிருந்தேன்.

வருந்தத்தக்க செய்தி: இவ்வாண்டு விண்ணப்பங்கள் டிசம்பர் 31 அன்று முடிவடைந்துவிட்டன. எனினும், தற்போது தாங்கள் எழுதிய கடிதத்தின் கையெழுத்தும் எங்கள் கோப்பிலுள்ள கையெழுத்தும் ஒன்றல்ல என்பதை நான் காண்கிறேன். அக்கடிதத்தை எழுதியவர் யார் என்று அறிந்த ஒருவர் எழுத்துபூர்வமாகச் சாட்சியம் அளித்தால், தங்கள் பழைய இடத்தைப் பற்றிக் குழுவின் முன் வைக்க என்னால் இயலும். குழு ஏப்ரலில் கூடுகிறது.

தங்கள் உண்மையுள்ள
எடித் ஹால்டேன்

*

அரிமா
12 பிப்ரவரி 1965

வெர்னா,

நலம் விசாரிக்கப்போவதில்லை. மிஸ் ஹால்டேனின் கடிதத்தைப் பார்த்து எழுதிய நகல் இதோடு இருக்கிறது. படி.

அக்டோபர். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறாய். சங்கத்துக்கு இருபது வருஷமாக எழுதுகிற அம்மாவின் கை, சுருள் வைத்த அந்த 'ஒய்' எழுத்து, உனக்குத் தெரியாமலா போயிற்று? தெரிந்துகொண்டுதான் எனக்குக் கல்யாணமா என்று கேட்டாய். நான் கிழவர் போஸ்கோவைச் சொல்லிச் சிரித்ததைப் படித்துக்கொண்டு நீ அங்கே எப்படி உட்கார்ந்திருந்தாய்?

அம்மாவிடம் கேட்டேன். மூடிமறைக்கவில்லை அவள். கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு நேராக நின்றாள்.

"ஆமா, நாந்தான் எழுதுனேன். அதுக்கு இப்ப என்னங்கற?"

"என் பேரப் போட்டு எழுதுனியேம்மா."

"உன் பேரே நான் வச்சதுதான்."

"ஏன் எனக்கு மட்டும்? அவளுக்கு வந்தப்ப அனுப்பிட்டியே?"

"வெர்னா போனா வீட்டுல ஒரு தட்டு குறையும், அவ்வளவுதான். நீ போனா வீடே நிக்காது. உங்கப்பன் நெஞ்சப் பாத்தியா? அடுப்பு யாரு பாக்குறது? ரெண்டு பொண்ணுல எது இல்லாம காலம் தள்ள முடியுமோ அதத்தான் அனுப்ப முடியும்."

அப்பா கதவருகில் நின்றார். அவருக்கும் தெரியும், வெர்னா. "அம்மாவ விட்டுரும்மா, பாவம்" என்றார். பாவம் யார் என்று கேட்டேன். இருமினார். இருமல் உண்மையா, பதிலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் நன்றாக வேலை செய்தேன், அதற்குத் தண்டனை. உதவாக்கரையாக இருந்திருந்தால் கப்பலேற்றியிருப்பார்கள். இது அம்மாவின் கணக்கு. அவளோடு நான் தீர்த்துக்கொள்கிறேன். உன் கணக்கு வேறு. டிசம்பர் 31 வரை எனக்கு வாய்ப்பு இருந்தது. டிசம்பர் 22 அன்று நீ எனக்கு ஆற்றின் மேல் நடந்ததைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாய்! அந்த ஆற்றின் மேல் நான் நடந்திருக்கவேண்டும் என்று தெரிந்தே எழுதினாய். என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கே ஊரை வர்ணித்தாய்.

விளக்கம் வேண்டாம். சாட்சியம் எழுதிக் கொடு. அது அம்மாவின் கையெழுத்து என்று எழுது. ஏப்ரலுக்குள்.

தெருவெல்லாம் கார்னிவல் திருவிழாவுக்கு எஃகுப் பீப்பாய் மேளம் அடித்துப் பழகுகிறார்கள். அந்தச் சத்தத்தில் நான் கத்தினது யாருக்கும் கேட்கவில்லை.

இஸ்மே

*

அரிமா
20 பிப்ரவரி 1965

என் அருமை மகள் வெர்னாவுக்கு,

தேவமாதா உன்னைக் காப்பாளாக. நாங்கள் சுகம். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நெஞ்சை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அக்கா இப்போது என்னோடு பேசுவதில்லை. வேலைகளை மட்டும் செய்கிறாள். நாளானால் சரியாகிவிடும், நான் உங்களைவிட அதிக நாள் பார்த்தவள்.

உன்னிடம் அந்த அலுவலகத்தில் ஏதாவது கேட்டால், கையெழுத்து யாருடையதென்று தெரியவில்லை என்று சொல். அது பொய்யாகாது, நிச்சயமாகத் தெரியுமென்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. நான் எழுதினதாக வந்தால் சங்கத்தில் என் முகம் என்னாவது? உன் இடம் என்னாவது? அது அவளுடைய இடம் என்று தெரிந்தால் உன்னை அங்கே வைத்திருப்பார்களா? யோசி. உனக்குக் கிடைத்ததை நான்தான் உனக்கு வாங்கித் தந்தேன் என்பதையும் யோசி.

இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

அன்புள்ள அம்மா

*

வினிபெக்
18 ஏப்ரல் 1965

அக்கா,

நான் நலமா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்பதை மட்டும் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்.

விளக்கம் வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தால் கிழி.

அந்தக் கடிதத்தைப் பார்த்த அன்று வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் நான்கு பேருந்துகளை விட்டுவிட்டு நின்றேன். உனக்கு உடனே எழுத நினைத்தேன். அறைக்கு வந்து பேனாவை எடுத்தபோது, இடம் போய்விடுமே என்று பயம் வந்தது. இதுவரை எல்லோரும் புரிந்துகொள்வார்கள். இனிமேல் சொல்வதைப் புரிந்துகொள்ளாதே, அப்படியே வைத்துக்கொள்.

பள்ளிக்கூடத்தில் நான் இஸ்மேவின் தங்கை. கடையில் இஸ்மேவின் தங்கை. பரீட்சையில், "அக்கா அளவுக்கு வரல, ஆனா பரவால்ல." இங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஏழு வீட்டில் விரட்டியபோதுகூட, விரட்டப்பட்டது நான், நான் மட்டும். உன்னைவிட முன்னால் ஒன்றைப் பார்த்து உனக்குச் சொல்வது வாழ்க்கையில் முதல் தடவை. பனியைப் பற்றி எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் பேனா நிற்கவில்லை.

அம்மாவின் கடிதமும் வந்தது. எரிக்கச் சொல்லியிருந்தாள். நீ எழுதியதில், என்னை 'ஒரு தட்டு' என்று சொன்னாளே, அதைப் படித்த பிறகு எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோவல் அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப உங்கம்மா மேல கோவமா?"

"ஆமா."

"உன் மேல?"

"ஆமா."

"அப்ப இங்க உக்காந்து என்ன பண்ற? ஆபீஸ் அஞ்சு மணிக்குச் சாத்திருவான்."

போனேன். ஏப்ரல் 2. இரண்டு மாதத்தில் எத்தனையோ நாள் அந்தக் கட்டிட வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். மிஸ் ஹால்டேன் முன்னால் உட்கார்ந்து எழுதினேன். அம்மாவின் கடிதத்தையும் கையெழுத்து ஒப்பிட வைத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத நான் குழுவுல வச்சா, உங்க இடத்தப் பத்தியும் கேள்வி வரும். தெரியுமா?"

"அது என் இடம் இல்லன்னுதான் எழுதியிருக்கேன்."

"அக்டோபர்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றேன்.

குழு பதினைந்தாம் தேதி கூடியது. செப்டம்பரில் உனக்கு இடம். வயது வரம்பு பொருந்தாது. போன ஆண்டு இடமாகவே கணக்கு. முறையான கடிதம் உன் பள்ளிக்கூட முகவரிக்கு வரும், உன் கையிலேயே கொடுக்கும்படி. எனக்கு மே மாதத்தோடு முடிகிறது. கோவல் அம்மாளின் மருமகன் ரொட்டிக்கடை வைத்திருக்கிறான், அங்கே வேலை. மாலை வகுப்பில் சேரப்போகிறேன். ரொட்டியை விட்டு ஓடிவந்து ரொட்டியிலேயே விழுந்தேன்.

வெர்னா

*

வினிபெக்
19 செப்டம்பர் 1965

வெர்னாவுக்கு,

வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நலமாக இருக்கிறேன். உன் வீட்டிலிருந்து இரண்டு மைல் தூரத்தில் இருக்கிறேன் என்று மிஸ் ஹால்டேன் சொல்லியிருப்பார். உனக்கு எழுதாமல் இருந்தது மறதியால் இல்லை.

வீட்டுச் செய்தி. அப்பா எழுந்து நடமாடுகிறார். கடைக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள், பக்கத்து ஊர் சாங்ரே கிராந்தேக்காரன், நன்றாக வேலை செய்கிறான். என் இடத்தில் நிற்க ஓர் ஆளைத் தேட அவர்களுக்கு இரண்டு நாள்தான் ஆயிற்று. வீடு நிற்கிறது. அதற்காக என் ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டார்கள்.

கிளம்புகிற அன்று அம்மா வாசல் வரை வந்தாள். என் சட்டைக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள். "போய்ச் சேந்ததும் கடுதாசி போடு" என்றாள். "என் பேர்ல நீதான் நல்லா எழுதுவியே, நீயே போட்டுக்க" என்றேன். காரில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தேன். அப்படியே நின்றுகொண்டிருந்தாள், பட்டையைப் பிடித்த கை மேலேயே இருந்தது. சொன்னதற்கு எனக்கு வருத்தம் இல்லை. பார்த்ததற்குத்தான்.

உன் கடிதங்களில் இருந்த ஊரை இங்கே தேடினேன், கிடைக்கவில்லை. நீ தட்டை என்று எழுதினாய். எனக்கு அது மூச்சு விட இடம் மாதிரி இருக்கிறது. மலை இல்லாததால் யாரும் எதற்குப் பின்னாலும் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. நீ கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அரிமா கொசுவெல்லாம் இதன் முன்னால் பச்சைக்குழந்தை. தானியக் கிடங்குகளின் பக்கம் காற்று வீசினால் ஊரே புளிக்காத மாவு வாசனை அடிக்கிறது; அதையும் எழுதவில்லை. நீ பார்க்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

நீ எனக்காக இடத்தை விட்டுக்கொடுத்ததாக கோவல் அம்மாள் என்னிடம் சொன்னாள். ஆமாம், அவளைப் போய்ப் பார்த்தேன், நீ வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து. அவளிடம் சொன்னேன், உன்னிடமும் சொல்கிறேன்: நீ விட்டுக்கொடுக்கவில்லை. திருப்பிக் கொடுத்தாய். இரண்டும் ஒன்றில்லை. முதலாவதற்கு நன்றி சொல்லவேண்டும், இரண்டாவதற்கு வேண்டியதில்லை.

ஆனால் அவள் உன் அறையைத் திறந்து காட்டினாள். மேசையில் எனக்கு எழுதத் தொடங்கி நிறுத்திய கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. எல்லாம் அக்டோபர் தேதி. நான் படிக்கவில்லை. எண்ணவுமில்லை. அவற்றில் ஒன்றையாவது தபால்பெட்டியில் போட்டிருந்தால் என்று நினைத்தபோது, உன்னை அங்கேயே நிறுத்தி அறையலாம் போல இருந்தது. அறைய நீ எதிரில் இல்லையே என்றும் இருந்தது.

இந்த ஞாயிறு எனக்கு ஆய்வுக்கூட வேலை. அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு வா. சமாதானம் பேச வராதே. கேக் கீக் எதுவும் சுட்டுக்கொண்டு வராதே. சண்டை போட வா. எனக்கு ஒரு வருஷத்துக்கான சண்டை பாக்கி இருக்கிறது, அதைக் கடிதத்தில் போட்டுத் தீராது. நேரமாகும். கோவல் அம்மாளிடம் சாப்பாட்டுக்குக் காத்திருக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வா.

உன் அக்கா
இஸ்மே